கழிவுநீரில் நுண்பாசி வளர்த்து எரிபொருள் எடுப்பது: கணக்கு எங்கே இடிக்கிறது?

இளம்பச்சை கேட்டது:

சுற்றுச்சூழல் பொறியியல் இறுதியாண்டில் படிக்கிறேன். பத்தாயிரம் பேர் வாழும் ஒரு குடியிருப்பின் கழிவுநீரை நுண்பாசிக் குட்டைகளில் சுத்திகரித்து, அறுவடையாகும் பாசியிலிருந்து பயோடீசல் எடுப்பது என்பது என் திட்டப்பணியின் தலைப்பு. நான் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தர்க்கத்தைத்தான் முன்வைக்கின்றன. கழிவுநீரில் உள்ள அழுக்கைத் தின்னும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும், அதைப் பாசி தருகிறது. பாசிக்குக் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும், அவற்றைப் பாக்டீரியாவும் கழிவுநீரும் தருகின்றன. ஆகவே ஒரே குட்டையில் தண்ணீரும் தெளிகிறது, எரிபொருளும் கிடைக்கிறது. படிக்கும்போது குறை சொல்ல இடமே இல்லாததுபோல் இருக்கிறது. ஆனால் இது அவ்வளவு எளிது என்றால் இந்நேரம் ஊருக்கு ஊர் இந்தக் குட்டைகள் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

ஆய்வகத்தில் ஐந்து லிட்டர் கண்ணாடித் தொட்டியில் முதல்நிலைத் தெளிவு முடிந்த (கனமான கசடு அடியில் படிந்து நீங்கிய) கழிவுநீரை ஊற்றி, குளோரெல்லா என்ற நுண்பாசியை விதைத்து, மீன்தொட்டிக்கு வைக்கும் சிறு காற்றுப் பம்பை ஓடவிட்டேன். லிட்டருக்கு 52 மில்லிகிராமாக இருந்த அம்மோனியா நைட்ரஜன் ஆறாம் நாளில் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அதுவரை மகிழ்ச்சிதான். ஆனால் பாசியை வடித்து உலர்த்தி எண்ணெய் பிரித்தபோது உலர் எடையில் 12 சதவீதம்தான் கிடைத்தது. கட்டுரைகளோ 40, 50 என்று பேசுகின்றன. நான் செய்ததில் பிழையா, அல்லது இயல்பே இதுதானா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

---

ஓடைக்கரை எழுதியது:

உங்கள் செய்முறையில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. பிழை இருப்பது, இரண்டு வெவ்வேறு சோதனைகளின் மிகச் சிறந்த எண்களை ஒரே குட்டையில் ஒட்டவைக்கும் கட்டுரைகளில். நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும்வரை பாசிச் செல் தனக்குக் கிடைக்கும் கார்பனைப் புரதமாக்கிப் பிரிந்துகொண்டே போகும். எண்ணெயைச் சேமித்து வைக்க அதற்குத் தேவையே இல்லை. நைட்ரஜன் தீர்ந்த பிறகுதான் புரதம் செய்ய வழியின்றி, உள்ளே வரும் கார்பனைக் கொழுப்பாகப் பதுக்கத் தொடங்குகிறது. நீங்கள் படித்த 50 சதவீதம் அப்படிப் பட்டினி போட்டு எடுத்த எண். கழிவுநீரில் வளரும் பாசிக்குப் பட்டினி ஏது? அதோடு, பட்டினி கிடக்கும் பாசி பெருகவும் செய்யாது. ஆகவே எண்ணெயின் சதவீதம் கூடினாலும் ஒரு நாளில் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் எண்ணெயின் அளவு கூடுவதில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நடத்திய நீர்வாழ் இனங்கள் திட்டம், பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு வந்து சேர்ந்த முடிவுகளுள் இதுவும் ஒன்று. அந்தத் திட்டத்தில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல்லில் ஆயிரம் சதுர மீட்டர் குட்டைகளை வெட்டிப் பாசி வளர்த்தார்கள். சில நாள்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் வரை விளைந்தது. ஆனால் இரவுக் குளிரால் ஆண்டுச் சராசரி 10 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. கட்டுரைகளின் தலைப்பில் ஏறுவது எந்த எண் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி உங்கள் பத்தாயிரம் பேருக்கான கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு 150 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 1,500 கன மீட்டர் கழிவுநீர். வெளிச்சம் அடிவரை எட்ட வேண்டுமென்பதால் குட்டையின் ஆழம் 30 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தண்ணீர் ஐந்து நாள் தங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 25,000 சதுர மீட்டர், அதாவது இரண்டரை ஹெக்டேர் பரப்பு வேண்டும். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 15 கிராம் என்பது நல்ல வெயிலில் நியாயமான எதிர்பார்ப்பு. அப்படியானால் 375 கிலோ உலர் பாசி. அதில் நீங்கள் கண்ட 12 சதவீதம் 45 கிலோ, அதாவது சுமார் 50 லிட்டர் எண்ணெய். பத்தாயிரம் பேர் வெளியேற்றிய தண்ணீரிலிருந்து ஆளுக்கு ஐந்து மில்லிலிட்டர், ஒரு தேக்கரண்டி. அதிலும் பச்சையமும் செல்சவ்வுக் கொழுப்புகளும் கலந்திருப்பதால் முழுவதும் பயோடீசலாக மாறாது. அதை நான் கழிக்கவில்லை.

இந்த 50 லிட்டரை ஜெனரேட்டரில் எரித்தால் 150 யூனிட் மின்சாரம் கிடைக்கலாம். இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். இதே 1,500 கன மீட்டரை ஏரேஷன் தொட்டியில் ப்ளோயர் வைத்துக் காற்றூதிச் சுத்திகரித்தால் கன மீட்டருக்கு 0.3 முதல் 0.6 யூனிட் வரை செலவாகும்; நடுவில் 0.4 என்று கொண்டால் நாளுக்கு 600 யூனிட். பாசிக் குட்டையில் காற்றூத வேண்டியதில்லை. துடுப்புச் சக்கரம் தண்ணீரை நொடிக்கு 15 அல்லது 20 சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல நகர்த்தினால் போதும். 100 யூனிட்டையொட்டி அது முடிந்துவிடும். வேகத்தை இரட்டித்தால் மின்செலவு எட்டு மடங்காகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஆக, பாசி உற்பத்தி செய்யும் மின்சாரம் 150 யூனிட். பாசியால் செலவாகாமல் போகும் மின்சாரம் 500 யூனிட். இந்த முறையின் ஆதாயம் எண்ணெயில் இல்லை, ஊதாமல் விட்ட காற்றில் இருக்கிறது. பெர்க்லியில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950களில் இந்த அதிவேகப் பாசிக் குட்டையை வடிவமைத்தபோது அவர் தேடியதும் மலிவான ஆக்சிஜனைத்தான். எரிபொருள் அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட சிந்தனை.

---

அரைலிட்டர் எழுதியது:

ஓடைக்கரை அவர்கள் எண்ணெயைக் கையில் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துவிட்டார். அந்த எண்ணெய் கைக்கு வருவதற்குள் படும் பாட்டை நான் சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தப் பாட்டிலேயே உழல்பவன் என்ற முறையில்.

குட்டைத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பார்த்தால் கீரையை அரைத்துக் கரைத்ததுபோல் கெட்டிப் பச்சையாகத் தெரியும். ஆனால் லிட்டருக்கு 0.4 கிராம்தான் பாசி, மற்றதெல்லாம் தண்ணீர். குளோரெல்லாவின் செல் ஐந்து மைக்ரான் அளவே இருக்கும், மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் வேறு. எனவே ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நாள்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். இதைச் சென்ட்ரிஃபியூஜில் பிரிக்கலாம் என்றால், ஒரு கன மீட்டரைச் சுழற்றக் குறைந்தது ஒரு யூனிட்டாவது ஆகும். அந்த ஒரு கன மீட்டரில் இருப்பது 400 கிராம் பாசி, அதில் 48 கிராம் எண்ணெய். அந்த எண்ணெயின் மொத்த வெப்ப ஆற்றலே அரை யூனிட்தான். வடிகட்டும் முன்பே முதலுக்கு மோசம் வந்துவிடுகிறது.

அடுத்தது உலர்த்தல். பிரித்தெடுத்த பாசிக் கூழ் 20 சதவீதம் திடப்பொருள் என்றால், ஒரு கிலோ பாசியோடு நான்கு கிலோ தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை ஆவியாக்க ஏறத்தாழ 10 மெகாஜூல் வேண்டும். அந்தக் கிலோவில் உள்ள 120 கிராம் எண்ணெய் தருவதோ நாலரை மெகாஜூலுக்கும் குறைவு. வெயிலில் காயவைக்கலாமே என்பீர்கள். 375 கிலோ பாசியை அன்றாடம் பரப்பிக் காயவைக்க இன்னொரு களம் வேண்டும், அழுகும் நாற்றத்தைத் தாங்க இன்னொரு மூக்கும் வேண்டும்.

இதனால்தான் ஈரப் பாசியை ஈரமாகவே பயன்படுத்தும் வழிகளை எல்லோரும் நாடுகிறார்கள். நீர்வெப்பத் திரவமாக்கல் என்ற முறையில் கூழை 300 முதல் 350 பாகை செல்சியஸில், நூறு வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வேகவைத்தால், எண்ணெய் மட்டுமன்றிப் புரதமும் மாவுச்சத்தும்கூடக் கச்சா எண்ணெய் போன்ற கருந்திரவமாக மாறுகின்றன. எனவே எண்ணெய் குறைந்த பாசி என்ற குறை இங்கே பெரிதாக உதைக்காது. ஆனால் புரதத்தோடு வந்த நைட்ரஜனும் அந்தத் திரவத்தில் ஏறிக்கொள்கிறது. சுத்திகரிப்பு ஆலையின் வினையூக்கிகளை அது கெடுக்கும் என்பதால் ஹைட்ரஜன் செலவிட்டு அகற்ற வேண்டும். உயர் அழுத்தக் கலனை இயக்குவது இரண்டரை ஹெக்டேர் குட்டை வைத்திருக்கும் ஒரு சிறு நிலையத்துக்கு ஏற்ற வேலையும் அன்று.

உங்கள் அளவுக்குப் பொருந்துவது காற்றில்லாச் செரிமானக் கலன்தான்; அதில் காற்றுப்படாமல் நுண்ணுயிர்கள் பாசியைச் சிதைத்து மீத்தேன் வாயுவைத் தரும். பாசியில் நைட்ரஜன் மிகுதி, கார்பன் குறைவு. தனியாகப் போட்டால் அம்மோனியா பெருகி மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களின் வேகம் குன்றும். முதல்நிலைத் தெளிவுத் தொட்டியின் கசடோடு சேர்த்துப் போட்டால் அந்தத் தொல்லை தணியும். செல்சுவர் கெட்டியானது என்பதால் முழுவதும் செரிக்காது. இருந்தாலும் 375 கிலோ பாசியிலிருந்து நாளொன்றுக்கு 70 கன மீட்டர் மீத்தேன் எதிர்பார்க்கலாம். எஞ்சினில் எரித்தால் 230 யூனிட் மின்சாரம், கலனைச் சூடாக வைத்திருக்கப் போதுமான வெப்பம் உபரி. பயோடீசலுக்கு 150, மீத்தேனுக்கு 230. அதுவும் உலர்த்தாமல், கரைப்பான் வாங்காமல். ஸ்பெயினின் சிக்லானா தே லா ஃப்ரொன்டேராவில் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் 2011இல் தொடங்கிய ஆல்-கேஸ் திட்டம் இந்த வழியைத்தான் பிடித்தது: ஊர்க் கழிவுநீரில் பாசி, பாசியிலிருந்து உயிரிவாயு, அதைத் தூய்மையாக்கிக் கார்களுக்கு எரிபொருள்.

---

கசடுக்காரன் எழுதியது:

இரண்டு பெரியவர்களும் எண்களைச் சொல்லிவிட்டார்கள். ஒரு நிலையத்தில் நான்கு பாசிக் குட்டைகளைப் பார்த்துக்கொண்டவன் என்ற வகையில் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். ஒரு மறுப்பும் உண்டு.

மறுப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அரைலிட்டர் அவர்கள் அறுவடைச் செலவை எரிபொருளின் தலையில் கட்டுகிறார். ஆனால் எரிபொருளே வேண்டாம் என்று முடிவு செய்தாலும் பாசியைப் பிரிக்காமல் தண்ணீரை வெளியே விட முடியாது. வெளியேறும் நீரில் இருக்கும் ஒவ்வொரு பாசிச் செல்லும் ஆய்வறிக்கையில் மிதக்கும் திடப்பொருளாகவும் பி.ஓ.டி.யாகவும் (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) எழுந்து நிற்கும். ஆற்றில் கலந்த பிறகு அது செத்து அழுகி அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்னும். ஆகவே பிரிப்பது சுத்திகரிப்பின் செலவு. உண்மையான கேள்வி, சென்ட்ரிஃபியூஜ் இல்லாமல் எப்படிப் பிரிப்பது என்பது. படிகாரம் போட்டால் நன்றாகப் படியும், ஆனால் அலுமினியம் பாசியோடு சேர்ந்து செரிமானக் கலனுக்குள் போய்விடும். நாங்கள் செய்தது வேறு: தெளிவுத் தொட்டியின் அடியில் படிந்த பாசியில் ஒரு பகுதியைத் தினமும் குட்டைக்கே திருப்பிவிட்டோம். படியக்கூடிய இனம் திரும்பி வருகிறது, படியாமல் மிதப்பது வெளியே போய்விடுகிறது. சில வாரங்களில் தனித்தனிச் செல்லாக இருந்த பாசியின் இடத்தைத் தட்டுத்தட்டாகக் கூட்டமாய் வளரும் பெடியாஸ்ட்ரம் போன்றவை பிடித்துக்கொண்டன. அதன் பிறகு மருந்தே இல்லாமல் ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி அடியில் இறங்கியது. தூய குளோரெல்லா என்பது ஆய்வகத்து ஆடம்பரம். திறந்த குட்டையில் எது விளையும் என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது; எது தங்கும் என்பதைத்தான் முடிவு செய்ய முடியும்.

இரண்டாவது, மேய்ச்சல். ஒரு முறை திங்கட்கிழமை அடர்பச்சையாக இருந்த இரண்டாம் எண் குட்டை, வியாழக்கிழமை காலையில் பழுப்பு நிறத் தெளிநீராகக் கிடந்தது, தரை தெரிந்தது. மருந்து ஏதோ கலந்துவிட்டது என்று பதறி, ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் டாப்னியா என்ற நீர்த்தெள்ளுக் கூட்டம் வயிறு நிறையப் பச்சையோடு நீந்திக்கொண்டிருந்தது. பாசிக்குக் கழிவுநீர் விருந்தென்றால், அந்தத் தெள்ளுப் பூச்சிக்குப் பாசி விருந்து. ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கு வந்தாலும் இதே கதைதான். துடுப்பை இரவில் நிறுத்தி ஆக்சிஜனை இறங்கவிட்டும், அம்மோனியா மிகுந்த புதுக் கழிவுநீரைக் கூடுதலாக விட்டும் ஒழித்தோம். குட்டை பழைய நிலைக்கு வரப் பதினைந்து நாள் ஆனது. அந்தப் பதினைந்து நாளும் கழிவுநீர் வந்துகொண்டுதான் இருந்தது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு விடுமுறை கிடையாது என்பதால் மாற்றுக் குட்டை இல்லாமல் இந்த முறையை யாரும் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து.

கடைசியாக, இளம்பச்சை அவர்களிடம் ஒரு கேள்வி. ஆறாம் நாளில் அம்மோனியா பூஜ்யம் என்கிறீர்கள். அன்று பிற்பகலில் உங்கள் தொட்டியின் பி.எச். (நீரின் அமில-கார அளவு) என்ன?

---

இளம்பச்சை பதிலளித்தது:

ஐயா, குறிப்பேட்டைப் பார்த்தேன். ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் பிற்பகலில் 9.8. காலையில் 8.6 அளவில் இருந்தது. பி.எச். ஏறுவது பாசி நன்றாக வளர்வதற்கு அடையாளம் என்று நினைத்து அதை மேலும் ஆராயவில்லை. ஆறாம் நாளில் பாசியின் உலர் எடை லிட்டருக்கு 0.40 கிராம், நைட்ரேட் நைட்ரஜன் 2 மில்லிகிராம்.

---

கசடுக்காரன் எழுதியது:

நினைத்தேன். பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் வேகத்துக்கு அது நீரில் வந்து சேராதபோது பி.எச். ஏறும், 9.25ஐ எட்டும்போது, அறை வெப்பநிலையில், அம்மோனியாவில் பாதி வாயுவாக வெளியேறத்தக்க வடிவத்துக்கு மாறிவிடும், 9.8இல் முக்கால் பங்குக்கு மேல். அந்த நேரத்தில் காற்றுப் பம்ப் குமிழ் குமிழாக ஊதினால் என்ன ஆகும்? உங்கள் பாசியின் எடையில் 7 சதவீதம் நைட்ரஜன் என்று கொண்டால் 0.40 கிராமில் 28 மில்லிகிராம். நைட்ரேட்டில் 2. ஆரம்பத்தில் இருந்தது 52. மிச்சம் 22 மில்லிகிராமைப் பாசி தின்னவில்லை, ஆய்வகத்துச் சன்னல் வழியாக வெளியே போயிருக்கிறது. பாஸ்பரஸும் இதே விளையாட்டை விளையாடும்: பி.எச். ஏறும்போது கால்சியத்தோடு சேர்ந்து தொட்டியின் சுவரில் வெள்ளையாகப் படியும். அளவிட்டால் குறைந்ததுபோல் தெரியும்; அமிலம் விட்டுக் கழுவினால் திரும்பி வரும்.

---

ஓடைக்கரை எழுதியது:

கசடுக்காரன் தொட்ட இடம் முக்கியமானது. என் கணக்கிலும் இதே பாதிதான் வருகிறது: 375 கிலோ பாசி 8 சதவீத நைட்ரஜன் என்றால் 30 கிலோவை எடுத்துக்கொள்ளும், லிட்டருக்கு 40 மில்லிகிராம் வீதம் வந்து சேர்வதோ 60 கிலோ. சாதாரண வீட்டுக் கழிவுநீரில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. பாசியின் உடலுக்கு ஆறு பங்கு வேண்டும். உரம் மிகுதி, கார்பன் பற்றாக்குறை என்பதுதான் இந்தக் குட்டைகளின் நிரந்தர நிலை. ஒரு கிலோ பாசி உருவாக 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு தேவை. செரிமானக் கலனிலிருந்து வரும் உயிரிவாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார்பன் டை ஆக்சைடுதான். அதைக் குட்டைநீரில் செலுத்தினால் வாயுவும் தூய்மையாகும், பி.எச்.சும் 8ஐ ஒட்டி நிற்கும், விளைச்சலும் கூடும். மீத்தேன் வழியை நான் ஆதரிப்பதற்கு, அரைலிட்டர் சொன்ன 230 யூனிட்டைவிட இதுவே வலுவான காரணம். பயோடீசல் வழியில் குட்டைக்குத் திரும்பி வர இப்படி எதுவும் இல்லை.

எதிர்பார்ப்பின் அளவைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2012இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டின் போக்குவரத்து எரிபொருளில் 5 சதவீதத்தைப் பாசியால் ஈடுசெய்ய முயன்றால், அன்றைய தொழில்நுட்பத்தில் நீர், நைட்ரஜன், பாஸ்பரஸ், ஆற்றல் ஆகியவற்றின் தேவை தாங்க முடியாததாகும் என்றது. எக்ஸான்மொபில் 2009இல் பாசி எரிபொருளுக்கு 600 மில்லியன் டாலர் வரை செலவிடுவதாக அறிவித்துத் தொடங்கிய முயற்சியிலிருந்து பின்னர் விலகிக்கொண்டது. இவை உங்கள் தலைப்பைத் தோற்கடிக்கவில்லை. அவர்கள் எரிபொருளுக்காகப் பாசி வளர்க்கப் புறப்பட்டார்கள், நீங்கள் எப்படியும் சுத்திகரித்தே ஆக வேண்டிய தண்ணீரை வைத்துத் தொடங்குகிறீர்கள்.

---

இளம்பச்சை பதிலளித்தது:

மூவருக்கும் நன்றி. தலைப்பில் பயோடீசலை எடுத்துவிட்டு மீத்தேன் என்று மாற்ற வழிகாட்டியிடம் பேசுகிறேன். அடுத்த சுற்றில் காற்றுப் பம்பை நிறுத்திவிட்டு, மெதுவாகக் கிளறும் துடுப்பு ஒன்றையும், பி.எச். 8ஐத் தாண்டும்போது மட்டும் கார்பன் டை ஆக்சைடு விடும் வால்வையும் வைக்கலாம் என்று எண்ணுகிறேன். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

---

கசடுக்காரன் எழுதியது:

மூன்று தொட்டிகளாக வையுங்கள். ஒன்றில் பாசி, ஒளி, கார்பன் டை ஆக்சைடு; இன்னொன்றில் பாசி, ஒளி மட்டும்; மூன்றாவதில் பாசியே இல்லாத கழிவுநீரை, கருப்புத் தாள் சுற்றி. மூன்றாவதில் எவ்வளவு நைட்ரஜன் குறைகிறதோ அது பாசியின் கணக்கில் சேராது. கரைந்த ஆக்சிஜனைப் பிற்பகல் மூன்று மணிக்கும் விடிவதற்கு முன்பும் அளவிடுங்கள். பகலில் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டும், விடியலில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்; எனவே மாதிரி எடுத்த நேரத்தை ஒவ்வொரு வரியிலும் குறித்து வையுங்கள். பாசியின் நைட்ரஜனை 7 சதவீதம் என்று நான் ஊகித்ததுபோல் நீங்களும் ஊகிக்காமல், ஆறாம் நாள் மாதிரியை வடிகட்டாமல் ஒரு பங்கும் வடிகட்டி ஒரு பங்கும் மொத்த நைட்ரஜன் சோதனைக்கு அனுப்புங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் வடிதாளில் தங்கிய திடப்பொருளின் நைட்ரஜன். அதில் பாக்டீரியாவின் பங்கும் கலந்தே இருக்கும். அதைப் பிரித்துக் காட்ட முயல வேண்டாம்.